காற்றைப் பிடித்தவர்கள் – 7: கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பெண்

உடுமலையில் பஸ் ஏறிப் பழனிக்கு வந்தால், வலப்பக்கம் மலை கூடவே வரும். இடப்பக்கம் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாயில் நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று இந்த வெளியில்தான் அவிழ்த்துவிட்ட கன்றாக ஓடுகிறது. மலைக்குத் தெற்கே கம்பம் கணவாய் இன்னொரு வாசல். தேனிப் பக்கத்து ஆலைகளுக்கு அதுதான் தீனி. நடுவில் கொடைக்கானல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்று சொல்லிவிட்டு நாம் வேறு வேலை பார்க்கப் போய்விட்டோம். எத்தனை மீட்டர் வேகத்தில் என்று கேட்கிற ரகம் அன்னா மணி.

கம்பம் தாண்டி, குமுளி தாண்டினால் பீர்மேடு. 1918ல் அங்கே பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, பெங்களூரில் சி.வி. ராமனிடம் மாணிக்கத்தையும் வைரத்தையும் ஆராய்ந்தார். ஆய்வேடும் எழுதிக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தரவில்லை. 1945ல் இயற்பியல் படிக்கும் எண்ணத்தோடு லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே கிடைத்தது வானிலைக் கருவிப் பயிற்சி. சரி என்று அதைப் படித்தார். 1948ல் புனே வானிலைத் துறை. எளிய வானிலைக் கருவிகள்கூட வெளிநாட்டிலிருந்து வந்த காலம்; ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம் போட்டு, இங்கேயே செய்யவைத்தார்.

1976ல் ஓய்வு பெற்ற பிறகுதான் காற்று அவரை முழுசாகப் பிடித்துக்கொண்டது. 1983ல் டி.ஏ. மூலியோடு சேர்ந்து இந்தியாவின் காற்றுவேகப் புள்ளிவிவரங்களைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். பெங்களூரில் காற்றுமானி செய்ய ஒரு சின்னப் பட்டறையும் வைத்தார்.

அந்தக் காற்றுமானியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். மூன்று கிண்ணம், நடுவே ஒரு தண்டு, அடியில் பேரிங். பேரிங்கில் தூசி ஏறினால் கிண்ணம் சோம்பும். விநாடிக்கு 6 மீட்டர் வீசுகிற காற்று 5 என்று பதிவாகும். ஒரு மீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். ஐந்தின் கனம் 125, ஆறின் கனம் 216. கொஞ்சம் தூசிக்குக் காற்றாலை நட நல்ல இடம் ஒன்று பட்டியலிலிருந்தே விழுந்துவிடும்.

1986ல் தூத்துக்குடியில் நட்ட ஆலைகள் 55 கிலோவாட். இன்று ஒரே ஆலை 2,000 கிலோவாட்டைத் தாண்டுகிறது. விசையாழி எஞ்சினியர்களுக்குத்தான் பேரும் புகழும். இருக்கட்டும், எங்கே நடுவது என்று சொன்னவரை நான் அவர்களுக்கு முன்னால் வைப்பேன்.

விசையாழி என்றால் காற்றாலை மட்டுமல்ல; ஜெட் எஞ்சின் பிளேடும் காற்றாலை இறக்கையும் பங்காளிகள். ஒன்று நிக்கல் கலவையில் வார்த்து நெருப்பில் சுழல்வது. மற்றது கண்ணாடியிழையில் செய்து வெயிலில் சுழல்வது. விமானத்துக்காகத் தொடங்கிய பெங்களூர் என்.ஏ.எல். ஆய்வகமே 1960களில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கக் காற்றாடி செய்தது. பிற்பாடு கோவை நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து பல்லடம் பக்கம் கேத்தனூரில் 500 கிலோவாட் ஆலையை நிறுத்தியது. அதற்கு இரண்டே இறக்கை. மூன்றாவதை ஏன் விட்டார்கள்? அந்தக் கதை அடுத்த வாரம்.