வளாகக் கழிவுகளும் அவற்றைப் பிரிக்கும் முறையும்

கழிவு என்ற சொல்லைக் கேட்டவுடன் பயன் தீர்ந்துபோன பொருள் என்றே நாம் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று. நேற்றைய செய்தித்தாள் பழைய தாள் கடையில் எடை போடப்பட்டு விலை பெறுகிறது; அதே தாளின்மீது மிஞ்சிய சாம்பாரைக் கொட்டிவிட்டால் அதனை வாங்குவார் எவருமிலர். தாளும் பயனுள்ளது, மிஞ்சிய உணவும் உரமாகத் தக்கது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்ததே இரண்டையும் கெடுத்தது. ஆகவே கழிவு என்பது பொருளின் இயல்பால் மட்டுமன்றி, அதனை நாம் கையாளும் முறையாலும் உண்டாவது எனலாம். பல்கலைக்கழகம், கல்லூரி ஆகியவற்றின் வளாகங்களில் இம்முறை எவ்வாறு அமையவேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

1. வளாகத்தின் தனித்தன்மை

வளாகம் ஒரு சிற்றூரைப் போன்றது. விடுதிச் சமையலறை, வகுப்பறை, அலுவலகம், ஆய்வுக்கூடம், மருத்துவ அறை, தோப்பு ஆகிய யாவும் ஒரே மதிலுக்குள் அமைந்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு வகைக் கழிவைத் தருகின்றன. இந்திய அரசு 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் இடங்களைத் தனியே வகுத்து, அவற்றிற்குச் சிறப்பான பொறுப்புகளை விதித்தன. அவ்வகையில் பல்கலைக்கழகங்களும் விடுதிகளும் மட்டுமன்றி வழிபாட்டிடங்களும் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டிருந்தமை நம் கவனத்திற்குரியது. அவ்விதிகள் கழிவை மூன்றாகப் பிரிக்கப் பணித்தன. அவற்றிற்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் செயற்படும்படி அறிவிக்கப்பட்ட விதிகள் நான்காகப் பிரிக்கக் கோருகின்றன.

2. நால்வகைக் கழிவுகள்

முதலாவது, ஈரக் கழிவு. மிஞ்சிய உணவு, காய்கறித் தோல், தேயிலைச் சக்கை போன்றவை இதில் அடங்கும். இவற்றை மட்கச் செய்வன நுண்ணுயிர்கள். அவற்றிற்குக் காற்றும் ஈரமும் வேண்டும். கார்பனும் நைட்ரஜனும் ஏறத்தாழ 30க்கு 1 என்ற அளவில் இருத்தல் நன்று. சமையலறைக் கழிவில் நைட்ரஜனும், காய்ந்த சருகில் கார்பனும் மிகுதி. ஆதலின் உணவுக் கழிவை மட்டும் குவித்தால் நாறும். சருகை மட்டும் குவித்தால் நெடுநாள் மட்காது கிடக்கும். இரண்டையும் அடுக்கடுக்காக இட்டு, அவ்வப்போது கிளறிவந்தால், குவியலின் உள்வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்து நோய்க்கிருமிகள் அழிய, நல்ல உரம் கிடைக்கும். வளாகத்துச் சருகைக் கூட்டி எரிப்பவர்கள் உரத்தின் ஒரு பாதியையே எரிக்கிறார்கள்.

இரண்டாவது, உலர் கழிவு. தாளின் நார் ஒவ்வொரு மறுசுழற்சியிலும் குறுகுவதால், எழுதுதாள் நாளடைவில் அட்டையாகவே மாற இயலும். எண்ணெய் தோய்ந்த தாளும், உட்புறம் பிளாஸ்டிக் பூசிய தேநீர்க் கோப்பையும் பிற தாள்களோடு சேரத்தக்கவை அல்ல. கண்ணாடியையும் அலுமினியத்தையும் தரம் குன்றாமல் மீண்டும் மீண்டும் உருக்கலாம்; பழைய அலுமினியத்தை உருக்குவதற்குத் தாதுவிலிருந்து பிரித்தெடுப்பதைவிட ஏறத்தாழ 95 விழுக்காடு குறைந்த ஆற்றலே போதும். பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் முக்கோணத்துள் காணும் 1 முதல் 7 வரையிலான எண், அப்பொருளின் வகையை மட்டுமே உணர்த்தும். மறுசுழற்சிக்கு அது உறுதிமொழி அன்று. தண்ணீர்ப் புட்டிக்கு வாங்குவோர் உண்டு. பல படலங்களை ஒட்டிச் செய்த பிஸ்கட்டு உறைக்கு வாங்குவோர் அரியர்.

மூன்றாவது, சுகாதாரக் கழிவு. மாதவிடாய் அணையாடை, குழந்தைகளின் அணையாடை முதலியவற்றைத் தாளில் நன்கு சுற்றித் தனியே இடவேண்டும். மருத்துவ அறையின் ஊசிகளும் கட்டுத்துணிகளும் மருத்துவக் கழிவுக்குரிய தனி விதிகளுக்கு உட்பட்டவை.

நான்காவது, தனிக் கவனத்திற்குரிய கழிவு. பாதரசம் அடங்கிய குழல்விளக்கு, வண்ணப்பூச்சு டப்பா, காலாவதியான மருந்து ஆகியவை இவ்வகையின. பழைய கணினிகளையும் மின்கலங்களையும் உரிய பதிவு பெற்ற நிறுவனங்களிடமே ஒப்படைக்கவேண்டும். நசுங்கிய லித்தியம் மின்கலம் குப்பை வண்டியிலேயே தீப்பற்றக்கூடும். ஆய்வுக்கூட இரசாயனங்களைக் கழிநீர்த் தொட்டியில் ஊற்றுதல் அறவே கூடாது.

3. கலப்பதன் விளைவு

பிரிக்கப்படாத கழிவு இறுதியில் நகர்ப்புறக் குப்பைமேட்டைச் சேர்கிறது. அங்கே காற்றுப் புகாத ஆழத்தில் உணவுக் கழிவு அழுகி, மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. அவ்வாயு எளிதில் எரிவது. சென்னைப் பெருங்குடியில் 2022 ஏப்ரலிலும், கொச்சி பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சிலும் குப்பைமேடுகள் நாள்கணக்கில் எரிந்து, சுற்றிலும் வாழ்ந்தோரை நச்சுப் புகையில் ஆழ்த்தின. கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளிலே, குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியதில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவ்விடங்களின் அருகே வசிப்போர் பெரும்பாலும் ஏழைகள்.

4. பிரிக்கும் கை எது?

இங்கே அடிப்படையான வினா ஒன்று எழுகிறது. நாம் பிரிக்காத கழிவையும் யாரோ ஒருவர் பிரித்தே தீரவேண்டும். நம் அறையில் ஒரு நொடியில் முடியும் வேலை, கலந்து நாறிய பின்னர்த் துப்புரவுப் பணியாளரின் கைகளுக்குப் பல மணி நேர வேலையாகிறது. உடைந்த கண்ணாடியும் பயன்படுத்திய ஊசியும் அக்கைகளையே கிழிக்கின்றன. இப்பணி தலைமுறை தலைமுறையாகச் சில சாதியினர்மேல் சுமத்தப்பட்டு வந்ததை நாம் அறிவோம். சாதியைக் கண்டித்து வகுப்பறையில் கட்டுரை எழுதிவிட்டு, விடுதியில் எச்சிலையும் தாளையும் ஒரே தொட்டியில் எறிவோமாயின், நம் கட்டுரையை நம் கையே மறுக்கிறது.

"நாம் பிரித்து வைத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" என்பர் சிலர். இக்குறை பல இடங்களில் உண்மையே. ஆயினும் அது பிரித்தலைக் கைவிடுவதற்குக் காரணம் ஆகாது. ஈரக் கழிவை வளாகத்திற்குள்ளேயே உரமாக்குவதற்குக் காரணம் ஆகும். ஈரக் கழிவு வெளியே செல்லாவிடில் உலர் கழிவு கெடுவதற்கு வாய்ப்புக் குறைவு. மேலும், பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் எங்கும் இணையாக வைக்கப்படவேண்டும். தனித்து நிற்கும் தொட்டியில் எல்லாமே விழும். எது எதில் என்பதைத் தமிழில் எழுதி, படமும் வரைந்து ஒட்டுதல் நலம். புதிய மாணவர்க்கு முதல் வாரத்திலேயே, துப்புரவுப் பணியாளரின் முன்னிலையில், அவர்தம் அறிவுரையோடு இதனைக் கற்பித்தல் வேண்டும். வளாகக் கழிவைப் பற்றி அவரைவிட நன்கு அறிந்தவர் எவருமிலர்.

இவை அனைத்தினும் முந்தியது, கழிவைக் குறைப்பது. உண்ணும் அளவே உணவு பெறுதல், தாளின் இருபுறமும் எழுதுதல், கூட்டங்களில் எவர்சில்வர் குவளையைப் பயன்படுத்துதல் ஆகியவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. இன்று மாலை நம் விடுதித் தொட்டி ஒன்றைத் திறந்து பார்ப்போம். அதிலுள்ளதைப் பிரிக்கும் வேலையை நாளைக் காலை யாரிடம் விட்டுச்செல்கிறோம் என்பது அப்போது நமக்குப் புலப்படும்.