கலவரம் என்று சொல்லுமுன்

நம் ஆரணியின் தறிவீடுகளிலும் இவ்வாதம் எழுவதுண்டு: தூத்துக்குடியில் நடந்தது போராட்டமா, கலவரமா?

ஸ்டெர்லைட் ஆலையை மூடக் கோரிய போராட்டத்தின் 100-ஆம் நாளான 2018 மே 22 அன்று, மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணியாய்ச் சென்றனர். அங்கே வாகனங்கள் எரிந்தன. அன்றும் மறுநாளும் காவலர் சுட்டதில் 13 பேர் மாண்டனர். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த இளம்பெண்ணும் அவர்களுள் ஒருத்தி. சமூக விரோதிகள் புகுந்தனர் என்று சிலர் உடனே தீர்ப்பளித்துவிட்டனர்.

தீவைப்பை நாமும் ஏற்கவில்லை. ஆயினும், எரிந்த ஊர்தியையும் இறந்த மகளையும் ஒரே தராசில் நிறுப்பது எவ்வகை நீதி?

நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுடுவதற்குரிய தூண்டுதல் இருக்கவில்லை என்றது அது. காவல்துறையினர் 17 பேர்மீது நடவடிக்கையும் பரிந்துரைத்தது. அன்று உரக்கத் தீர்ப்பளித்தவர்களுள் எத்தனை பேர் இதைப் படித்தனர்?