தஞ்சை அரசர் மரியாதை செய்த ஸ்வார்ட்ஸ் ஐயர்

1739-ஆம் ஆண்டில் காரைக்காலைப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்புவித்த தஞ்சை மராத்திய அரசு, சுமார் அரை நூற்றாண்டு கழிந்தபின் தன் ராஜ்யத்திற்கு வாரிசாகச் சுவீகாரம் செய்த குமாரனையே ஒரு ஜெர்மானியப் பாதிரியாரின் பாதுகாப்பில் விட்டுச் செல்ல விரும்பியது என்பதை இன்று நம்மில் பலர் அறியோம். கிறிஸ்டியான் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ் என்னும் அப்பெரியார், 1726-இல் பிறந்து, 1750-இல் நம் காரைக்காலுக்கு வடக்கே டேனிஷ்காரர் ஆண்ட தரங்கம்பாடிக்கு வந்து, தமிழும் மராத்தியும் பாரசீகமும் கற்றுத் தேர்ந்து, 1778 முதல் தஞ்சையிலேயே நிலைத்தவர்.

அரண்மனையில் அவருக்கு இருந்த செல்வாக்கு எந்த உத்தியோகத்தாலும் வந்ததன்று. சொன்ன சொல் தவறாத நாணயத்தால் வந்தது. 1779-இல் ஆங்கிலேயரின் தூதராக அவர் மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் சென்றபோது, ஹைதர் வழிச்செலவுக்கென்று அளித்த 300 ரூபாயைத் தம் கையில் வைத்துக்கொள்ளாமல், ஏழைச் சிறுவர் பள்ளிக்கூடத்துக்கு மூலதனமாக்கினார். சில ஆண்டுகளில் அதே ஹைதரின் சேனை சோழநாட்டு வயல்களைப் பாழாக்கித் தஞ்சைக் கோட்டையில் பசி தலைவிரித்தாடிய சமயம், முன்பு கொடுத்த தானியத்துக்குக் காசு காணாத குடியானவர்கள் ஒருபடி நெல்லும் தர மறுத்தனர்; 'பணத்துக்கு நான் பொறுப்பு' என்று ஸ்வார்ட்ஸ் சொன்னதும், ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும், அவற்றைக் கொண்டு விரைவிலேயே 80,000 கலம் தானியமும் கோட்டைக்குள் வந்து சேர்ந்தன. அவரும் ஒருவர் பாக்கியும் நிற்காமல் தீர்த்தார்.

1787-இல் மரணப்படுக்கையிலிருந்த துளஜா மகாராஜா, தம் சுவீகாரப் புதல்வனான பாலன் சரபோஜியை இவரிடம் ஒப்படைக்க முற்பட்டார். அரசாட்சி துளஜாவின் சகோதரர் அமர்சிங்கின் கைக்குப் போய், பிள்ளை சிறைப்பட்டவன்போல் அடைபட்டு வாடியபோது, அவனுக்காக வாதாடி, 1793-இல் சென்னைக்குப் பத்திரமாக அனுப்பிக் கல்வி பெறச் செய்தவர் ஸ்வார்ட்ஸே. ஆயினும் 1798 ஜூனில் சரபோஜி சிங்காதனம் ஏறியதைக் காண அவர் இல்லை. அவ்வாண்டு பிப்ரவரி 13-ஆம் தேதியே காலமாகி, தஞ்சைப் பரிசுத்த பேதுரு ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

தம் குருவுக்குச் சரபோஜி, தாமே ஆங்கிலத்தில் இயற்றிய கவிதையைச் சமாதிக் கல்லில் பொறிக்கச் செய்தார். அத்துடன் அமையாது, லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு புடைப்புச் சிற்பமும் செதுக்குவித்தார். சிவகங்கைக் குளத்தருகே, 1779-இல் எழுந்த தேவாலயத்தில் அதை இன்றும் காணலாம்: படுக்கையில் முதியவர், அவர் கையைப் பற்றியபடி அரசர், சுற்றிலும் பள்ளிப் பிள்ளைகள்.

எகிப்தின் பண்டை அரசர்களிடம் சேவை புரிந்த வேனி முதலிய அதிகாரிகள், தம் கீர்த்தியைத் தாமே உரைப்பதாகக் கல்லறை மண்டபங்களில் எழுதி வைத்தனர். இங்கோ, ஊழியம் செய்தவர் மௌனமாயிருக்க, அரசரே கவிபாடியிருக்கிறார். ஊழியம் செய்வோர் அடையத்தக்க கௌரவம் இதனினும் மேலானது வேறில்லை. பெரிய கோயிலைத் தரிசிக்கத் தஞ்சை செல்லும் காரைக்கால் அன்பர்கள், சிறிது தூரமே நடந்து, இந்தச் சிற்பத்தையும் பார்த்து வருவது அவசியம்.