ஓரெழுத்துத் தடை

திரைப்படம் பார்ப்பதற்கு ஒரு பெட்டி வாங்கிய கதையை இலக்கியப் பகுதியிலே எழுதப் புகுவது சிலர்க்கு நகை விளைக்கலாம். நன்னூலும் நிகண்டும் கற்பித்துக் காலங் கழிப்பவனுக்கு மின்பொறிகளோடு என்ன தொடர்பு என்று வினவுவாரும் உளர். அவர் வினவுமுன்னரே என் மனைவியார் வினவிவிட்டார்.

எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் எண்பது அகவையைக் கடந்தவர். அறுபதுகளிலே பேராதனையில் மாணவராயிருந்த காலத்தில் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யை ஒருமுறை கண்டார். 1955 இல் வெளிவந்த அப்படத்தை அதன்பின் அவர் பார்த்ததில்லை. ஆயினும் வகுப்பிலே கையறுநிலைச் செய்யுளைப் படிப்பிக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு காட்சியை எடுத்துரையாமல் விடார். நாணற்பூக்களின் நடுவே அக்காளும் தம்பியும் ஓடிச்சென்று புகைவண்டியைக் காணும் இடத்தை, படத்தையே காணாத யாங்கள் அவர் வாய்மொழியாற் கண்டிருந்தோம். 2024 ஆம் ஆண்டின் இறுதியில் அவர் கண்களிலே குளுக்கோமா என்னும் நோய் முற்றியதறிந்து பார்க்கச் சென்றேன்.

“தம்பி, பார்வை ஓரத்திலையிருந்து சுருங்கிக்கொண்டு வருது. முழுக்க மூடமுன்னம் அந்தப் படத்தை ஒருக்காப் பார்த்திட வேணும்” என்றார்.

இதற்கு ஏன் பெட்டி, இணையத்திலே கிடைக்குமே என்றான் என் மகன். கிடைத்தது. ஐயாவின் வீட்டு முற்றத்திலே கையடக்கத் திரையொன்றில் அதனைக் காட்டவுஞ் செய்தோம். இரவுக் காட்சிகளில் விளக்கொளியைச் சூழ்ந்த இருள், இருளாக இல்லாமற் சதுரஞ் சதுரமாகச் சிதறிக் கிடந்தது. இணையவழிப் படம் நொடிக்கு ஏறக்குறைய ஐந்து மெகாபிட் அளவாகச் சுருக்கப்பட்டு வருவதுண்டு; புளூ-ரே இறுவட்டிலோ படத்துக்கு மாத்திரம் நொடிக்கு நாற்பது வரை இடமுண்டு. நல்ல கண்ணுடையார் அவ்வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்வர். மங்கிய கண்ணுக்கு அது பொறுக்கத்தக்கதன்று. கால்மணி நேரத்திலே ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரொறொன்ரோவிலுள்ள என் தமக்கையின் மகன் இச்செய்தி கேட்டு, ராயின் அபு வரிசைப் படங்கள் மூன்றும் அடங்கிய புளூ-ரே தொகுதியை அனுப்பினான். அமெரிக்க நிறுவனமாகிய கிரைற்றீரியன் 2015 இல் வெளியிட்டது அது. இப்படங்களின் மூலச்சுருள்கள் 1993 இல் இலண்டனில் ஒரு படக்கூடத்திலே தீப்பட்டன. கருகிச் சுருண்டவற்றை எறிந்துவிடாது பேணி, பல்லாண்டு கழித்து இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரிலே ஈரமூட்டி விரித்து, பழுதிலாப் பகுதிகளை ஒவ்வொரு சட்டமாகப் படியெடுத்தனர். ‘பதேர் பாஞ்சாலி’யின் மூலத்தில் நாற்பது விழுக்காடளவே பயன்பட்டது, எஞ்சியதை வேறு படிகளிலிருந்து ஒப்புநோக்கி நிரப்பினர். ஏட்டுச்சுவடிகள் பலவற்றை முன்வைத்துச் சிதைந்த அடிகளை நிரப்பிய நம் பதிப்பாசிரியர் செய்த தொழிலும் இதுவேயன்றோ? 1981 இல் நூலகம் எரிந்ததைச் சிறுவனாய் நின்று கண்ட எனக்கு, எரிந்த பின்னரும் மீட்கப்பட்ட ஒன்றைக் கையிலே ஏந்தியபோது உண்டான உணர்ச்சியை விரித்துரைக்க விரும்புகிலேன்.

வட்டு வந்தது, அதனை ஓட்டுவதற்குப் பெட்டி வேண்டும். இப்பெட்டிகள் அருகி வருங்காலம் இது. ஒப்போ நிறுவனம் 2018 இலே இத்தொழிலைக் கைவிட்டது. சாம்சுங் 2019 இலே அமெரிக்கச் சந்தைக்குப் புதியன விடுவதை நிறுத்தியது. யாழ்ப்பாணத்துக் கடைகளில் வினவியபோது, அருங்காட்சியகப் பொருளைக் கேட்பான்போல் என்னை நோக்கினர். கொழும்பிலே ஒரு கடையில் ஒன்று கிடைத்தது. “எல்லாம் ஓடும் சேர்” என்றார் விற்பவர். அச்சொல்லை நம்பி வாங்கி, ஏழு மணி நேரம் மடியில் வைத்து ஊர் கொணர்ந்தேன். வட்டை இட்டதும், இது இவ்வலயத்துக்கு உரியதன்று என்னும் பொருள்பட ஒரு வரி திரையிலே தோன்றியது. அவ்வளவே.

வட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தின் அடியிலே, ஒரு சிறு அறுகோணத்தினுள் ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்து. புளூ-ரே வட்டுகளை விற்போர் உலகத்தை மூன்று வலயமாகப் பகுத்துள்ளனர். அமெரிக்கக் கண்டங்களும் யப்பான், கொரியா, தென்கிழக்காசிய நாடுகளும் ‘ஏ’. ஐரோப்பா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா முதலியன ‘பி’. இந்தியாவும் இலங்கையும் சீனமும் உருசியாவும் ‘சி’. எல்லா வலயத்துக்கும் பொதுவான வட்டுகளும் பல உண்டு. எனக்கு வாய்த்தது அவ்வகையன்று. ‘ஏ’ என்னும் ஓரெழுத்தொருமொழிக்கு அம்பு என்று பொருள் கூறி மாணவர்க்கு விளக்கி வந்தவன் யான். அவ்வம்பு தைத்தால் எவ்வாறிருக்கும் என்பதை அன்றே அறிந்தேன். 2016 முதல் வந்த நான்குமடங்கு நுண்மையுடைய அல்ட்ரா எச்.டி. வட்டுகளுக்கு இவ்வலயக் கட்டு இல்லை என்பதையும் பின்னர் அறிந்தேன், அறிந்தென்ன?

கனடாவிலிருந்தே ஒரு பெட்டி அனுப்புவதாக மருமகன் சொன்னான். நல்ல வேளையாக, அதன் முதுகிலே ஒட்டியுள்ள சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். 120 வோற்று மாத்திரமே எழுதப்பட்டிருந்தது. நம் வீட்டு 230 வோற்றிலே அதனை மாட்டியிருந்தால் புகை கண்டிருப்போம். இறுதியில், எல்லா வலய வட்டுகளையும் ஏற்குமாறு திருத்தி விற்கப்படும் பெட்டியொன்றை இலண்டனிலிருந்து தருவித்தேன். நம் நாட்டு மின்சாரத்துக்கும் 13 அம்பியர்ச் சுவிச்சுக்கும் அது பொருந்தும். விலை, கொழும்புப் பெட்டியின் விலையினும் இருமடங்குக்குச் சற்றே குறைவு. அதனினும் பெருஞ்செலவு காலம். இவ்வலைச்சலிலே மூன்று திங்கள் கழிந்தன. அவற்றுள் ஐயாவின் இடக்கண் முற்றாக மூடிவிட்டது. வாங்குமுன் உறையின் பின்புறத்தை நோக்கியிருந்தால் அம்மூன்று திங்களும் மிஞ்சியிருக்கும்.

பெட்டியைப் பொருத்தும் வேலை என் மாணவன் ஒருவனுடையது. எச்.டி.எம்.ஐ. வடம் ஒன்றே தொலைக்காட்சிக்குப் படத்தையும் ஒலியையும் கொண்டுசெல்லும், அதிலே கடினமொன்றுமில்லை. புதிய வட்டுகளின் பூட்டைத் திறக்கும் திறவுகோல் காலத்துக்குக் காலம் மாறுவதால், பெட்டியின் உள்ளமைந்த மென்பொருளை முதலிற் புதுப்பித்தான். தவறு முழுவதும் தொலைக்காட்சியிலேயே இருந்தது. இது 1955 இன் படம், ஏறக்குறையச் சதுரமானது. அகன்ற திரையிலே இருமருங்கும் கரிய பட்டை விழுவதே முறை. பட்டை வீணென்று எண்ணிய தொலைக்காட்சி, படத்தை இழுத்து நிரப்பி, எலும்புந் தோலுமான இந்திர் பாட்டியை ஒரு கொழுத்த செட்டிச்சியாராக்கிவிட்டது. அவ்வேடம் பூண்ட சுனிபாலா தேவி, படம் வெளிவருமுன்னரே காலமானவர். அவரை அக்கோலத்திலே காண்பது அவருக்குச் செய்யும் அவமதிப்பென்று தோன்றியது. அதனை மாற்றினோம். அடுத்து, நொடிக்கு 24 சட்டமாக எடுத்த படத்தினிடையே தானே புதுச் சட்டங்களைப் புகுத்தி அசைவை வழுக்கலாக்கும் வசதியொன்று. உரையாசிரியர் தாமே பாட்டெழுதி மூலத்திற் செருகுவதுபோன்றது. அதையும் அணைத்தோம். 24 சட்டமாகவே அனுப்புமாறு பெட்டியிலும் ஓர் ஏற்பாடுண்டு. கூர்மையைக் கூட்டும் அளவையைக் கீழிறக்கியதும் படச்சுருளின் இயல்பான மணல்மணியான தன்மை வெளிப்பட்டது. தொலைக்காட்சியின் சொந்த ஒலி தகரத்தைத் தட்டினாற்போல் இருந்தமையால், அதன் செவிக்கருவித் துளையிலிருந்து ஒரு வயரை இழுத்து எனது பழைய ஒலிபெருக்கியிலே பூட்டினோம்.

வட்டைக் கையாள்வதிலே ஒரு சொல். பழைய டீ.வீ.டீ.யிற் பதிவு, தட்டின் நடுவே 0.6 மில்லிமீற்றர் ஆழத்தில் உள்ளது. புளூ-ரேயிலோ 0.1 மில்லிமீற்றரே. நீலஊதா ஒளிக்கதிர் நுண்ணியதாகலின், ஒரு படையிலே 25 கிகாபைற்று அடங்கும். அந்நுண்மைக்கு விலையாகப் பதிவு மேற்றோலை அண்டியிருக்கிறது. வன்பூச்சு உண்டெனினும், விளிம்பிலே பிடிப்பதே நன்று.

பங்குனிப் பூரணை விடுமுறையன்று ஐயாவை அழைத்து வந்தோம். 43 அங்குலத் திரைக்கு ஆறடி தூரம் தக்கதென்பர். அவர் கதிரையை நாலடியிலே இட்டோம். ஆங்கில வசனங்களை யான் தமிழிலே மெல்லச் சொல்லிவந்தேன். புகைவண்டிக் காட்சி வருமுன் அறிவித்தேன். கழுத்தை ஒருபுறஞ் சாய்த்து, எஞ்சிய பார்வையின் நடுவிலே திரையை நிறுத்திக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

துர்க்கா இறந்தபின் தந்தை ஊர் திரும்புகிறான். மகளுக்கென்று கொணர்ந்த சேலையை எடுத்துக் காட்டுகிறான். தாய் வாய்விட்டு அழுகிறாள். அழுகுரல் கேட்பதில்லை, அதற்குப் பதிலாகத் தார்செனாய் என்னும் நரம்புக்கருவி உச்சத்திலே எழுகிறது. அவ்விடத்தில் ஐயா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். களைத்துவிட்டாரோ என்று ஐயுற்றேன்.

“ஒருக்காத் திருப்பிப் போடும்” என்றார்.

மூன்றுமுறை போட்டோம்.

மற்ற இரு வட்டுகளும் உறையிலேயே உள்ளன. வரும் பூரணைக்கு ‘அபராஜிதோ’ என்று அவரே நாள் வைத்திருக்கிறார். கதிரையை இன்னும் ஓரடி முன்னே நகர்த்த வேண்டும்.