தண்ணீர் பட்டால் தெளியும் ஹெட்லைட்

நாமக்கல் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய கார். ஹெட்லைட் மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. பற்பசை போட்டுத் தேய்த்தால் புதுசாகிவிடும் என்று வீடியோவில் காட்டுகிறார்களே, நிஜமா?" நிஜம்தான். எத்தனை நாளைக்கு என்பதை மட்டும் வீடியோக்காரர் சொல்வதில்லை.

லாரிக்கு பாடி கட்டும் ஊர்க்காரருக்கு இந்த வியாதி புதுசாகத்தான் இருக்கும். பழைய லாரிகளின் வட்ட ஹெட்லைட் கண்ணாடி. கல் பட்டால் உடையும், மஞ்சளாகாது. இன்றைய கார்களில் இருப்பது பாலிகார்பனேட். 1953இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்டுபிடித்த பிளாஸ்டிக். வரலாறு இது போதும். கல்லடி தாங்கும், வெயில் தாங்காது. அதனால் தொழிற்சாலையிலேயே மேலே கெட்டியாக ஒரு பூச்சு கொடுத்து அனுப்புகிறார்கள். புற ஊதாக் கதிர் அதைத் தின்று தீர்த்ததும் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகளில் கை வைக்கிறது. மஞ்சள் அங்கிருந்து வருவது.

மங்கல் வேறு சங்கதி. மங்கிய ஹெட்லைட்டில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உள்ளே பல்பு வரை தெரியும். காய்ந்ததும் மறுபடி பால் பூத்துவிடும். தண்ணீர் எதையும் கழுவவில்லை. பூச்சு போன மேற்பரப்பெங்கும் பொடிப்பொடியாய் விரிசலும் குழியும். பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண் 1.58, காற்றுக்கு 1. இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு சரிவிலும் ஒளி திசை மாறிச் சிதறுகிறது. குழியில் தண்ணீர் நிறைந்தால் அங்கே 1.33, வித்தியாசம் பாதிக்கு மேல் குறைகிறது. குழி அப்படியேதான் இருக்கிறது, ஒளி அதைச் சட்டை செய்வதில்லை.

பஜ்ஜி மடித்த செய்தித்தாளில் எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடியாவதும் இதே கணக்குதான். நார்களுக்கு நடுவிலிருந்த காற்றை எண்ணெய் விரட்டிவிடுகிறது. நாலு பஜ்ஜி என்றால் பின்பக்கத்து மணமகள் தேவை விளம்பரத்தையே படிக்கலாம். மிளகாய் பஜ்ஜியா, வாழைக்காய் பஜ்ஜியா என்பது ஒளிக்கு ஒரு பொருட்டல்ல. தண்ணீர் போல எண்ணெய் ஆவியாகிவிடாது என்பதுதான் விஷயம்.

ஹெட்லைட்டுக்கும் குழியை நிரப்பி அங்கேயே நிற்கும் ஒன்று வேண்டும். மண்ணெண்ணெய் தடவியவுடன் பளபளப்பது இந்த வித்தையால்தான்; ஒரு மழைக்குத் தாங்காது. பற்பசையின் சிலிக்கா மேல்தோலைச் சுரண்டி மஞ்சளை எடுக்கும், மிச்சமிருந்த பூச்சையும் சேர்த்து. அப்புறம் வெறும் பிளாஸ்டிக்கை நாமக்கல் வெயிலில் நிறுத்தினால் கேட்கவே வேண்டாம்.

முறையாகச் செய்வதென்றால், சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 800, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டு விட்டுத் தேய்க்க வேண்டும். முதலில் மஞ்சளாக வழியும் கரைசல் வெள்ளையாகும்வரை விடக்கூடாது. இந்தக் கட்டத்தில் ஹெட்லைட் முன்னைவிடக் கேவலமாகத் தெரியும்; பலர் பயந்துபோய் நிறுத்துவது இங்கேதான். பிறகு புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் கோட். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.5 என்பதால், 2000 நம்பர் கீறல்கள் பூசிய கணமே மறையும்.

அப்படியும் புதுசாகாது. அமெரிக்க வாகன சங்கமான ஏஏஏ 2018இல் சோதித்தபோது, மங்கிய ஹெட்லைட் புதியதன் ஒளியில் 22 சதவீதமே தந்தது. மெருகேற்றிய பின் சுமார் 70.

வேலையைத் தொடங்குமுன் அந்தச் சொம்புத் தண்ணீர் சோதனையைச் செய்துவிடுங்கள். நனைந்தும் தெளியவில்லையென்றால் கோளாறு உள்பக்கத்தில், அல்லது விரிசல் ஆழத்தில். வாட்டர் பேப்பர் அங்கே எட்டாது. ஹெட்லைட்டையே மாற்ற வேண்டியதுதான்.