தெலுங்கு கற்ற திருநெல்வேலித் தமிழர்

சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் ரெயில்கள் விஜயவாடாவைத் தாண்டி வாரங்கல் நோக்கி ஓடும்போது, தோர்ணக்கல் சந்திப்பைக் கடந்து செல்கின்றன. இன்று தெலுங்கானா மாநிலத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில் பெரிய தேவாலயம் ஒன்று உண்டு. அதன் தூண்களில் கோவிலின் சாயலைக் காணலாம். கும்மட்டங்களில் மசூதியின் சாயலைக் காணலாம். 1939-ம் ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பட்ட அந்த ஆலயத்தை எழுப்பியவர் ஒரு தமிழர். அவர்தான் பிஷப் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

யாழ்ப்பாணம் தந்த பாடம்

திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில் 1874-ம் ஆண்டு பிறந்தார் அசரியா. தந்தை கிராமச் சபையின் குருவானவர். சென்னையில் படித்த அசரியா, ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் செயலாளராகப் பல ஊர்களுக்கும் சென்று வந்தார்.

1902-ம் ஆண்டு அவர் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் திரட்டி, கடல் தாண்டித் தமிழகத்துக்கு ஊழியர்களை அனுப்பி வந்தார்கள். அது அவர் மனதைத் தைத்தது. திருநெல்வேலிச் சபைகள் அளவில் பெரியவை. ஆனால் அவை மற்றவர்களுக்காக என்ன செய்கின்றன?

கேள்வி ஜெபமாயிற்று, ஜெபம் செயலாயிற்று. 1903-ம் ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆட்கள், பணம், நிர்வாகம் ஆகிய மூன்றும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அன்று நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் வட்டாரத்தை அது தன் பணிக்களமாகத் தேர்ந்தெடுத்தது.

கூடாரத்தில் குடித்தனம்

பிறரை அனுப்பிவிட்டுத் தான் சென்னையில் இருப்பது சரியா? இந்த எண்ணம் அசரியாவை விடவில்லை. 1909-ம் ஆண்டு குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கலுக்கே போய்விட்டார். தொடக்கத்தில் கூடாரத்தில்தான் வாசம். தமிழ் அங்கே செல்லாது என்பதால் தெலுங்கு படித்தார். மனைவி அன்பு மரியம்மாளும் அந்தப் பணியில் தோள் கொடுத்தார்.

அவரைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலி மக்கள், தீண்டாமைக்கு ஆளானவர்கள். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கு பேய்களையும் விரட்ட வேண்டும் என்று அவர் போதித்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கை வைத்து, நற்செய்தியைச் சொல்லாமல் இருப்பதில்லை என்று உறுதி கூறச் செய்வார். ஊழியம் என்பது சம்பளக்காரர் வேலை மட்டும் அல்ல என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் அப்படி அறிந்து கொண்டார்.

1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் பிஷப்பாக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. அந்த நியமனத்துக்கு எதிர்ப்பும் இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எடின்பரோ மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகள் இந்தியருக்கு உதவுகிறார்கள், ஆனால் நண்பர்களாகப் பழகவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அல்லவா அவர்!

அடுத்த வீட்டுக்காரர் யார்?

பிழைப்பைத் தேடி வெளி மாநிலம் வந்த தமிழருக்கு ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை பெரிய ஆறுதல். வாரம் முழுவதும் ஆலையிலும் அலுவலகத்திலும் வேற்று மொழி கேட்ட காதுக்குத் தாய்மொழியில் ஒரு ஜெபம் மருந்து போன்றது. அதில் குற்றம் இல்லை.

ஆனால் ஆராதனை முடிந்து தெருவுக்கு வந்தால், அங்கே இருப்பவர் மராத்திக்காரர், கன்னடக்காரர், இந்திக்காரர். பல ஆண்டுகள் ஒரே சுவரை ஒட்டி வாழ்ந்தும், கடைக்குத் தேவையான நாலு வார்த்தைக்கு மேல் அவர் மொழியைக் கற்காதவர்கள் உண்டு. அவர் வீட்டில் நோய் என்றால் எட்டிப் பார்க்காதவர்களும் உண்டு. உலகம் முழுவதற்கும் ஜெபித்துவிட்டு, பக்கத்து வீட்டை மறந்தால் அந்த ஜெபம் பாதி வழியில் நின்றுவிடும்.

அசரியா தமிழை மறக்கவில்லை. ஆனால் நண்பனாக வேண்டுமானால் நண்பன் மொழியில் பேச வேண்டும் என்பதை உணர்ந்திருந்தார். 1945-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அவர் காலமானார். தெலுங்கு மக்களின் நடுவிலேயே, தோர்ணக்கல் மண்ணில் அவரை அடக்கம் செய்தார்கள்.