புதிய கன்சோலில் முதலில் எதை விளையாடுவது?

வீடியோ கேம் கன்சோல் என்பது விளையாடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கணினி. தொலைக்காட்சியைத் திரையாகவும், இரு கைகளாலும் பிடிக்கும் கன்ட்ரோலரை இயக்கும் கருவியாகவும் கொண்டு செயல்படுவது. சோனியின் பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ், நின்டெண்டோவின் ஸ்விட்ச், ஸ்விட்ச் 2 ஆகியவை இந்தத் தலைமுறையின் முக்கியக் கன்சோல்கள். இவை ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் விற்பனைக்கு இருப்பதால், கன்சோலை வாங்குவதைவிட அதற்கான முதல் விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது கடினமாகிவிடுகிறது. குழம்பிப்போகும் வாங்குநர் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதையோ, அந்த ஆண்டு விருதுகளை அள்ளிய பெரிய விளையாட்டையோ வாங்கிவிடுகிறார். ஆனால் கன்ட்ரோலரைப் பிடிக்கப்போகும் கைகள் யாருடையவை, அவை எந்த அளவுக்குப் பழகியவை, அருகில் எத்தனை பேர் உட்காரப்போகிறார்கள் என்பவற்றுக்கு விடை தெரிந்த பிறகே விமர்சகர்களின் மதிப்பெண்ணுக்குப் பொருள் உண்டு.

கன்சோல் நிறுவனங்கள் இதை நெடுங்காலமாகவே அறிந்திருக்கின்றன என்பதற்கு, கருவியோடு சேர்த்தே அவை கொடுத்துவந்த விளையாட்டுகள் சான்றாகும். 1977-இல் அட்டாரி நிறுவனம் தன் கன்சோலோடு கொடுத்த 'காம்பட்' தனியாக விளையாட முடியாதது. எதிரில் ஒருவர் உட்கார்ந்தே ஆகவேண்டும். 1989-இல் கையடக்க 'கேம் பாய்' அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, நின்டெண்டோ தன் புகழ்பெற்ற மாரியோவை விட்டுவிட்டு 'டெட்ரிஸ்' விளையாட்டைப் பெட்டிக்குள் வைத்தது. விழும் கட்டைகளை அடுக்குவதற்குச் சிறுவராக இருக்க வேண்டியதில்லை என்பதால், அந்தக் கருவி பெரியவர்களின் கைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 2006-இல் 'வீ' கன்சோலோடு பெரும்பாலான நாடுகளில் வந்த 'வீ ஸ்போர்ட்ஸ்' இன்னும் ஒரு படி மேலே சென்று, பொத்தான்களைக் கற்கும் தேவையையே ஏறத்தாழ நீக்கியது. கையை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசப்படும் என்ற அளவில் எளிமையாக இருந்த அது, கன்சோலோடு சேர்த்து 8 கோடிக்கும் அதிகமான பிரதிகள் வழங்கப்பட்டது.

நல்ல முதல் விளையாட்டு எப்படிக் கற்பிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் உருவாக்கி 1985-இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் முதல் நிலையை நெருங்கிப் பார்க்கலாம். தொடக்கத்தில் மாரியோ திரையின் இடப்பக்கத்தில் நிற்க, வலப்பக்கம் வெற்றிடமாகக் கிடப்பதால், எந்த அறிவிப்பும் இல்லாமலே வலப்பக்கம் போகவேண்டும் என்பது விளங்கிவிடுகிறது. சில அடிகள் வைத்தவுடன் காளான் வடிவ எதிரி ஒன்று மெதுவாக எதிரே வருகிறது. அதில் மோதினால் மாரியோ இறந்துபோவான் என்றாலும், இழப்பது சில நொடிகளே என்பதால் அடுத்த முறை விளையாடுபவர் தானாகவே தாவிப் பார்க்கிறார். அப்படித் தாவும்போது தலைக்கு மேல் மின்னும் கேள்விக்குறிப் பெட்டியில் முட்டிக்கொண்டால் நாணயமும், இன்னொரு பெட்டியிலிருந்து காளானும் வெளிப்படுகின்றன. அந்தக் காளான் வலப்பக்கம் நகர்ந்து, அங்குள்ள குழாயில் மோதித் திரும்பி மாரியோவை நோக்கி வருகிறது. மேலே கற்கள் இருப்பதால் அதைத் தாண்டிக் குதித்துத் தப்புவதும் எளிதன்று. அஞ்சி விலகப் பார்த்தவர் அதைத் தொட்டதும் மாரியோ பெரிதாக வளர, காளான் நன்மை தருவது என்ற பாடமும் முடிந்துவிடுகிறது. ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் முதல் நிமிடத்துக்குள் இவ்வளவையும் சொல்லிக்கொடுத்ததாலேயே, அது இன்றும் விளையாட்டு வடிவமைப்பைப் பற்றிய பேச்சுகளில் எடுத்துக்காட்டாக நிற்கிறது.

இதே பணியை இன்று பிளேஸ்டேஷன் 5 கன்சோலில் செய்வது, ஒவ்வொரு கருவியிலும் விலையின்றி முன்கூட்டியே ஏற்றித் தரப்படும் 'ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்'. சிறு ரோபோ ஒன்றை நடத்திச் செல்லும் இந்த விளையாட்டில், மணலில் நடக்கும்போது ஏற்படும் அதிர்வும் உலோகத் தளத்தில் நடக்கும்போது ஏற்படும் அதிர்வும் உள்ளங்கையில் வெவ்வேறாக உணரப்படுகின்றன. சுருள்வில்லை அழுத்தும் இடத்தில் விரலுக்கடியில் உள்ள விசைப்பொத்தான் உண்மையிலேயே எதிர்த்துத் தள்ளுகிறது. கன்ட்ரோலரிலுள்ள ஒலிவாங்கியில் ஊதினால் திரையில் காற்றாடி சுழல்கிறது. சில மணி நேரத்தில் முடிந்துவிடும் இதை இலவசம் என்பதற்காகவே அற்பமாக ஒதுக்கிவிட்டு, காசு கொடுத்து வாங்கிய பெரிய விளையாட்டுக்குத் தாவுவது பெரும் இழப்பு. இதே குழுவினர் 2024-இல் உருவாக்கிய முழுநீள விளையாட்டான 'ஆஸ்ட்ரோ பாட்' அந்த ஆண்டின் 'கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டாகத் தேர்வு பெற்றது. அந்தக் கன்சோலுக்கு முதன்முதலாகப் பணம் கொடுத்து வாங்கத் தகுந்தது அதுவே என்று தயங்காமல் சொல்லலாம்.

பழகாத கைகளுக்கு உண்மையான தடை, கன்ட்ரோலரில் உள்ள இரண்டு குச்சிகள். முப்பரிமாண விளையாட்டுகளில் இடக்குச்சி பாத்திரத்தை நடத்துகிறது. வலக்குச்சி, பாத்திரத்தைப் பின்தொடரும் கேமராவைத் திருப்புகிறது. பல ஆண்டுகள் விளையாடியவர்கள் இவ்விரண்டையும் எண்ணிப் பார்க்காமலே ஒருசேர அசைக்க, புதியவரோ நடப்பதை நிறுத்திவிட்டுத் திரும்புகிறார், திரும்புவதை நிறுத்திவிட்டு நடக்கிறார். பதற்றத்தில் கேமரா தரையையோ வானத்தையோ பார்த்து நின்றுவிடுகிறது. விளையாட்டு தமக்கு வராது என்று பெற்றோரும் தாத்தா பாட்டியும் கன்ட்ரோலரைக் கீழே வைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே, கேமரா அசையாமல் நிற்கும் அல்லது தானாகவே பின்தொடரும் விளையாட்டுகளே அவர்களுக்குத் தொடக்கமாக அமைய வேண்டும். பக்கவாட்டில் மட்டுமே நகரும் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்', கேமரா மேலிருந்து சமையலறையைப் பார்க்கும் 'ஓவர்குக்டு', கார்ப் பந்தயமான 'மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்' ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் கடைசியாகச் சொன்னதில், வண்டி தடத்தைவிட்டு விலகாமல் தானே திருத்திக்கொள்ளும் வசதியும், பொத்தானை அழுத்தாமலே முன்னேறும் வசதியும் இருப்பதால், ஐந்து வயதுக் குழந்தையும் பந்தயத்தை முடித்துவிட முடியும். ஸ்விட்ச் கன்சோலில் 6 கோடிக்கும் மேல் அது விற்றதில் வியப்பில்லை.

விருது பெற்ற விளையாட்டு புதியவருக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதற்கு 2021-இல் வெளிவந்த 'இட் டேக்ஸ் டூ' நல்ல சான்று. இருவர் சேர்ந்தே விளையாட வேண்டிய இது, பிரிவின் விளிம்பில் நிற்கும் கணவன் மனைவி கதையைச் சொல்வதால், விளையாடிப் பழகாத துணைவருக்கு அறிமுகம் செய்ய ஏற்றதென்று எங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் அதில் இருவரும் இரண்டு குச்சிகளையும் இயக்கிக்கொண்டே குதிக்கவும் குறிபார்க்கவும் வேண்டியிருப்பதால், இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வாங்கும்போதுதான் அதன் அருமை வெளிப்படும். கடினமும் இப்படியே ஆராயப்பட வேண்டியது. 'எல்டன் ரிங்' விளையாட்டில் எளிய நிலை, கடின நிலை என்ற தெரிவே கிடையாது. 'செலஸ்ட்' கடினமானதே என்றாலும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் இறக்காமலே தொடரவும் உதவும் அமைப்பை அது தருகிறது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' பார்வை, செவி, அசைவுக் குறைபாடு உள்ளவர்களுக்காக 60-க்கும் மேற்பட்ட அமைப்புகளோடு வந்தது. இவை பெட்டியின் முகப்பில் அச்சிடப்படுவது அரிது என்பதால், வாங்கும் முன்பே தேடிப் படிப்பது நல்லது.

எத்தனை பேர் விளையாடலாம் என்ற குறிப்பிலும் ஏமாற இடமுண்டு. பலர் விளையாடக்கூடியது என்று எழுதியிருக்கும் விளையாட்டுகளில் கணிசமானவை, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் தத்தம் கன்சோலோடு இணையம் வழியாக விளையாடுவதையே குறிக்கின்றன. ஒரே சோபாவில் இருவர் உட்கார்ந்து விளையாட, ஒரே கன்சோலில் எத்தனை பேர் என்ற தனிக் குறிப்பைப் பார்க்க வேண்டும். இணையவழி விளையாட, விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுகளுக்கு மூன்று நிறுவனங்களுமே பொதுவாகத் தனிச் சந்தா கேட்கின்றன. 'ஃபோர்ட்நைட்' போன்ற இலவச விளையாட்டுகளுக்கு அது தேவைப்படுவதில்லை.

வயது முத்திரையைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை என்பது வருந்தத்தக்கது. 'மார்ட்டல் காம்பட்' விளையாட்டின் குரூரக் காட்சிகளை ஒட்டி 1993-இல் அமெரிக்க செனட் விசாரணை நடத்தியதன் விளைவாக, 1994-இல் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற தரமிடும் அமைப்பு அங்கே உருவானது. ஐரோப்பாவில் 2003 முதல் பெகி அமைப்பு 3, 7, 12, 16, 18 என்ற எண்களால் முத்திரையிடுகிறது. இவ்வெண்கள் உள்ளடக்கத்தைக் குறிப்பவையே தவிர, கடினத்தைக் குறிப்பவை அல்ல. 3 என்ற முத்திரை பெற்ற கால்பந்து விளையாட்டு மூன்று வயதுக் குழந்தைக்கு விளையாட வராது. பள்ளிச் சிறுவர்கள் ஆசைப்பட்டுக் கேட்கும் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' பெகி முறையில் 18 என்ற முத்திரை பெற்றது. சித்திரவதைக் காட்சி ஒன்றை விளையாடுபவரே நிகழ்த்த வேண்டிய பகுதியும் அதில் உண்டு. முத்திரைக்கு அருகிலேயே, விளையாட்டுக்குள் மேலும் பணம் செலவிட நேருமா, அப்படிச் செலவிட்டுப் பெறும் பொருள் குலுக்கல் முறையில் வருவதா என்ற குறிப்பையும் 2020 முதல் இரு அமைப்புகளும் இடுகின்றன. இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விளையாடுபவர்கள் தம்மை அறியாமலே பொருள்களை வாங்கும்படி பொத்தான்களை அமைத்ததாக எழுந்த குற்றச்சாட்டில், 'ஃபோர்ட்நைட்' உரிமையாளரான எபிக் கேம்ஸ் நிறுவனம் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர 2022 டிசம்பரில் அமெரிக்க வணிக ஆணையத்தோடு உடன்பட்டது. குழந்தைக்கெனத் தனிக் கணக்கு தொடங்கி, கடவுச்சொல் இன்றி எதையும் வாங்க முடியாதபடி கன்சோலில் முதல் நாளே அமைத்துவிடலாம்.

நேரமும் ஒரு விலைதான். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' விளையாட்டின் மையக் கதையை முடிக்கவே ஏறத்தாழ 50 மணி நேரம் ஆகும்; வாரத்துக்கு மூன்று மணி நேரம் கிடைப்பவருக்கு அது நான்கு மாத வேலை. அதற்கு நேர்மாறாக, டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' ஒரே மாலையில் முடிந்துவிடும். 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையான அதில், தாய் எழுதிக் கொடுத்த, கிழிந்தும் அழிந்தும் போன சமையல் குறிப்பேட்டைக் கொண்டு விடுபட்ட படிகளை ஊகிப்பதே விளையாட்டு. முதலில் வருவது இட்லி. தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் போகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் தண்டனை இல்லை, விரைவு தேவையில்லை, கேமராவைத் திருப்ப வேண்டியதும் இல்லை. இங்கிலாந்தின் பாஃப்டா அமைப்பு 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை அதற்கு வழங்கியது. கன்ட்ரோலரைத் தொட்டே பார்க்காத தமிழ்த் தாய் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் விளையாட்டைக் காண்பது அரிது.

பணத்தைப் பொறுத்தவரை, புதிதாக வெளிவந்த அன்றே வாங்குவதால் வாங்குநருக்கு அரிதாகவே ஆதாயம் உண்டு. 2020 டிசம்பரில் வந்த 'சைபர்பங்க் 2077' அப்போதைய பழைய கன்சோல்களில் அடிக்கடி தடைப்பட்டு நின்றதால், சோனி சில நாட்களிலேயே அதைத் தன் கடையிலிருந்து நீக்கியது. தொடர்ந்து திருத்தப்பட்டு 2023-இல் அது பெரிதும் மெருகேறியபோது விலையும் இறங்கியிருந்தது. நிறுவனத்தின் சர்வர் இயங்கும்வரை மட்டுமே உயிரோடிருக்கும் விளையாட்டுகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. சோனியின் 'காங்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளிவந்து செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. அதை வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. 2024 மார்ச் இறுதியில் மூடப்பட்ட யூபிசாஃப்டின் 'தி க்ரூ' கார்ப் பந்தயத்தையோ, டிஸ்க் கையில் இருந்தும் இனி இயக்க வழியில்லை.

டிஸ்க்கா, பதிவிறக்கமா என்பதைப் பெரும்பாலும் கன்சோலே தீர்மானித்துவிடுகிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் பதிப்பு ஆகியவற்றில் டிஸ்க் இயக்கி கிடையாது. இயக்கி உள்ள கருவியை வைத்திருப்பவர் டிஸ்க்கை விற்கவோ நண்பருக்குக் கொடுக்கவோ பழையதை வாங்கவோ முடியும்; பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த விளையாட்டுகளில் மிகச் சிலவற்றைத் தவிர எல்லாமே பிளேஸ்டேஷன் 5-இல் ஓடுவதால், பழைய டிஸ்க்குகளிலேயே பல மாதங்களுக்கான விளையாட்டு குறைந்த விலையில் கிடைக்கும். டிஸ்க் இருந்தாலும் தரவுகள் கன்சோலின் உள்நினைவகத்துக்குப் படியெடுக்கப்பட வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்: முதல் பிளேஸ்டேஷன் 5-இன் 825 ஜிகாபைட்டில் பயன்படுவது 667 ஜிகாபைட், சீரிஸ் எஸ்-இன் 512-இல் 364. பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜிகாபைட்டைத் தாண்டுவதால், சந்தா கட்டி நூற்றுக்கணக்கான விளையாட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டாலும் ஒரு நேரத்தில் கையில் இருப்பவை சிலவே.

பதிவிறக்க முறையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது எளிதன்று. பிளேஸ்டேஷன் கடையில் 14 நாள் அவகாசம் உண்டென்றாலும், பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டால் அந்த உரிமை பொதுவாகப் போய்விடுகிறது. எனவே, பணம் கட்டுமுன் டெமோ எனப்படும் இலவச மாதிரிப் பகுதி இருக்கிறதா என்று கடைப் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும். ஸ்விட்சில் 'டிராகன் குவெஸ்ட் 11 எஸ்' விளையாட்டின் டெமோ பல மணி நேரம் நீள்வது. பிடித்துப்போய் முழு விளையாட்டை வாங்கினால், டெமோவில் சேமித்த இடத்திலிருந்தே தொடரலாம்.